கார் நின்றால் யார் வருவார்?

கார் விளம்பரங்களில் கார் நிற்பதே இல்லை. மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகிறது. எதிரே லாரி கிடையாது, பஸ் கிடையாது, நடுரோட்டில் படுத்து அசைபோடும் மாடு கிடையாது. ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தபடியே ஓட்டுகிறார். கொல்லிமலைக்குப் போகிற வழியில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அதில் முப்பதாவது வளைவில் வண்டி மக்கர் செய்தால் யார் வருவார் என்று எந்த விளம்பரமும் இதுவரை காட்டியதில்லை. அதைச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு வியாபாரம் நடக்கிறது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ், செல்லமாக ஆர்.எஸ்.ஏ.

இந்தத் தொழிலின் பூர்வீகம் கொஞ்சம் வில்லங்கமானது. 1905-இல் லண்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தொடங்கப்பட்டது, நின்ற காரைத் தள்ளிவிட அல்ல. வேகத்தைப் பிடிக்கப் போலீஸ்காரர் எந்தப் புதரில் ஒளிந்திருக்கிறார் என்று உறுப்பினர்களுக்குத் துப்புக் கொடுக்க. அன்றைய வேக வரம்பு மணிக்கு 20 மைல். சைக்கிளில் ஆள் போட்டு எச்சரித்தார்கள். 1910-இல் ஒரு வழக்கில் அப்படி எச்சரிப்பது தவறு என்று தீர்ப்பானது. சங்கம் அசரவில்லை. சங்கத்தின் பேட்ஜ் மாட்டிய காரைக் கண்டால் ரோந்துக்காரர் சல்யூட் அடிப்பார். அடிக்கவில்லை என்றால் முன்னால் போலீஸ் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும் என ஏற்பாடு செய்தது. சல்யூட் அடிக்காதவர் மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? நம் ஊரில் எதிரே வருகிற லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டி இதே சேவையைச் சந்தா இல்லாமல் செய்கிறார்.

இழுத்துப்போகும் வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஓடைக்குள் விழுந்த ஒரு காரை ஆள் சேர்த்துக் கயிறு கட்டி வெளியே எடுப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. 1916-இல் ஒரு பழைய காடிலாக் காரின் பின்னால் கம்பமும் கப்பியும் சங்கிலியும் பூட்டினார். டோயிங் வண்டி பிறந்தது. அவர் மட்டும் அந்த நேரத்தில் ஒரு டோல் ஃப்ரீ நம்பரைக் கண்டுபிடித்திருந்தால், அந்தக் கார் இன்னும் ஓடையில்தான் கிடக்கும்.

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தவன் என் மச்சினன். ஐ.டி.யில் இருக்கிறான். எந்தப் பிரச்சினையையும் எக்செல்லில் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற தலைமுறை.

“மாமா, உங்களுக்கு ஏற்கெனவே மூணு ஆர்.எஸ்.ஏ. இருக்கு, தெரியுமா?” என்றான்.

தெரியாது. பலருக்கும் தெரியாது என்பதில்தான் இந்த வியாபாரத்தின் பாதி லாபம் இருக்கிறது. புதுக் கார் வாங்கும்போது கார் கம்பெனியே வாரன்டியோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற பட்டியலின் கடைசியில், சில நூறு ரூபாய்க்கு ஒரு டிக் அடித்துச் சேர்ப்பது இரண்டாவது. கிரெடிட் கார்டோடு வருவது மூன்றாவது. இவை போதாதென்று ஆண்டுச் சந்தா கட்டித் தனியாகவும் வாங்கலாம். வீட்டில் மூன்று மாமியார் இருந்தும் மாப்பிள்ளைக்குக் காபி கொடுக்க ஆளில்லாத கதைதான். ஒவ்வொருவரும் அடுத்தவர் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மச்சினனின் எக்செல்லில் கம்பெனிகள் குறுக்கே நின்றன, சலுகைகள் நெடுக்கே நின்றன. எல்லாக் கட்டமும் பச்சை. எல்லாரும் பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் தருகிறார்கள். எல்லாரும் பெட்ரோல் கொண்டுவருகிறார்கள். எல்லாரும் இழுத்துப் போகிறார்கள். எல்லாரும் 24 மணி நேரமும் விழித்திருக்கிறார்கள். “எல்லாமே பச்சையா இருந்தா எதுக்குடா எக்செல்?” என்று கேட்டாள் என் மனைவி. அவன் அக்காவுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

பச்சைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை நான் படித்தேன். நிபந்தனைகளை எழுதுகிறவர் யாரென்று தெரியாது. நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர். ஐந்து லிட்டர் எரிபொருள் கொண்டுவந்து தருவோம். எரிபொருளின் விலை தனி. பங்சர் ஆனால் ஆள் வந்து ஸ்டெப்னியை மாட்டித் தருவார். பங்சர் ஒட்டுவது தனி. ஸ்டெப்னியில் காற்று இருக்கவேண்டியது உங்கள் பொறுப்பு. ஸ்டெப்னியே இல்லாமலும் இப்போது கார் விற்கலாம். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பங்சர் கிட் மூன்றும் இருந்தால் போதும் என்று 2020-இல் விதியை மாற்றிவிட்டார்கள். அந்தக் கிட்டில் உள்ள பசை டயரின் அடியில் ஆணி ஏறினால் அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்தால், பசையை நாம் பார்க்கலாம், பசை நம்மைப் பார்க்கும்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால்? உங்கள் வீட்டிலிருந்து மாற்றுச் சாவியை வாங்கிவந்து தருவோம். வீட்டில் ஆள் இருக்கவேண்டும். வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் காருக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகச் சாவியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்தப் பிரச்சினையின் இயல்பு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்.

இங்கிலாந்தில் இன்னொரு அழகு. அங்கே பல அடிப்படைத் திட்டங்களில் வீட்டிலிருந்து கால் மைலுக்குள் கார் நின்றால் உதவி கிடையாது. அதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். நம்மவராக இருந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காரைக் கால் மைலுக்கு அப்பால் தள்ளிவிட்டுப் போன் செய்திருப்பார்.

உண்மையான சூட்சுமம் கிலோமீட்டரில் இருக்கிறது. ‘50 கிலோமீட்டர் வரை டோயிங் இலவசம்’ என்றால் எங்கிருந்து எங்கே? சில திட்டங்களில் கார் நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரை. சிலவற்றில் டோயிங் வண்டி தன் இருப்பிடத்திலிருந்து கிளம்பிய கணத்திலிருந்தே மீட்டர் ஓடும். போய்ச் சேரவேண்டிய இடமும் நமக்கு வேண்டிய மெக்கானிக் அல்ல, ‘அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்’. கார் எப்போதும் சனிக்கிழமை சாயங்காலம்தான் நிற்கும். சர்வீஸ் சென்டர் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. ஊரே ஒரே நேரத்தில் ஒரே நம்பருக்கு அடிக்கும். சென்னைக்காரர்கள் அதற்குத் தாங்களே ஒரு ஆர்.எஸ்.ஏ. கண்டுபிடித்தார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். சந்தா கிடையாது, நிபந்தனை கிடையாது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதே என்பது ஒன்றுதான் மழைக்காலத்து வேதம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்கு ஆர்.எஸ்.ஏ. கை கொடுக்காது, இன்ஜின் புரொடெக்‌ஷன்கூட யோசிக்கும்.

இத்தனையும் படித்து, இன்சூரன்ஸோடு வந்த ஆர்.எஸ்.ஏ.வே போதும் என்று இருந்தோம். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போய்த் திரும்பும்போது, உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், மிதித்த கிளட்ச் பெடல் மேலே வராமல் தரையிலேயே தங்கிவிட்டது. கிளட்ச் ஆயில் கசிந்திருக்கிறது. ஜம்ப் ஸ்டார்ட்டாலும் ஐந்து லிட்டர் பெட்ரோலாலும் மாற்றுச் சாவியாலும் தீர்க்கமுடியாத வியாதி. ஓரம் கட்டி, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏறி நின்றுகொண்டு நம்பரை அடித்தேன்.

ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, ஒருவழியாக ஒரு பெண் வந்தார். “முதல்ல ஒண்ணு சார். நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “கல்யாணம் ஆனதுலேர்ந்து இவரோடதான் இருக்கேன், என்னன்னு சொல்றது?” என்றாள்.

“லேண்ட்மார்க் சொல்லுங்க சார்.”

“ஒரு பக்கம் கரும்புக் கொல்லை.”

“இன்னொரு பக்கம்?”

“அதுவும் கரும்புதாம்மா.”

பாலிசி நம்பர், சேஸி நம்பர், மெயில் ஐடி எல்லாம் வாங்கிக்கொண்டார். கரும்புக்குத்தான் அவருடைய கம்ப்யூட்டரில் இடமில்லை. மனைவி சாலையோரக் கல்லில் இருந்த கிலோமீட்டர் எண்ணைப் படித்துச் சொன்ன பிறகே புகார் பதிவானது. அத்தோடு நிற்காமல் அவள் 1033-க்கும் அடித்தாள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண். சுங்கம் வசூலிக்கிறவர்கள் ஆம்புலன்ஸும் கிரேனும் ரோந்து வண்டியும் வைத்திருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். நாம் டோலில் கொடுக்கும் காசில் அதுவும் அடக்கம். ரோந்து வண்டிதான் முதலில் வந்தது. காருக்குப் பின்னால் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு, “டோயிங் வர்ற வரைக்கும் வண்டிக்குள்ள உட்காராதீங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொல்லிமலையில் இந்த உபகாரம் கிடைக்காது. அது தேசிய நெடுஞ்சாலை இல்லை.

கடைசியில் டோயிங் வண்டி வந்தது. முதுகு சாய்ந்து இறங்கும் ஃபிளாட்பெட். ஓட்டிவந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். காக்கிச் சட்டை, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். பாலிசி நம்பரைக் கேட்கவில்லை.

“மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா சார்? நியூட்ரல்ல விழுதா?”

ஆட்டோமேட்டிக் கார் என்றால் இன்ஜின் சுழற்றும் சக்கரத்தைத் தரையில் வைத்து இழுத்துப் போகக்கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும், மொத்தமாக மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொன்னார். எலெக்ட்ரிக் காருக்கும் அதே பத்தியம். மச்சினனின் எக்செல்லில் ஃபிளாட்பெட் என்ற வார்த்தையே இல்லை.

“கொக்கி எடுங்க சார்.”

என்ன கொக்கி? முன் பம்பரின் ஓரத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சதுர மூடி. அதை நெம்பி எடுத்தார். உள்ளே மரை போட்ட துளை. அதில் திருகுவதற்கான இரும்பு வளையத்தைக் காரோடு கொடுத்திருப்பார்களாம், ஜாக்கியோடு, டிக்கியின் அடியில். அதற்கு மேலே கல்யாண வீட்டு முறுக்கு டின், சீப்பு சீப்பாக வாழைப்பழம், தாம்பூலப் பைகள், என் மாமியார் கொடுத்தனுப்பிய அரை மூட்டை பொன்னி அரிசி. அத்தனையையும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கி வைத்தோம். போகிற காரெல்லாம் கடை போட்டிருக்கிறோம் என்று வேகம் குறைத்தது. வளையத்தைத் திருகி, வின்ச் கம்பியை மாட்டி, பட்டனை அழுத்தினார். கார் சொன்னபடி கேட்டுக்கொண்டு பின்னாலேயே ஏறிப் போனது.

கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விழுப்புரம் போனோம். டேஷ்போர்டில் இருந்த அவருடைய போன் ஓயாமல் கூவிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்.

“இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் நீங்கதானா தம்பி?”

“நானும் இன்னொருத்தரும்தான் சார். இன்சூரன்ஸ்காரங்க ஒரு ஏஜென்சிக்குக் குடுப்பாங்க. கார் கம்பெனியும் ஏஜென்சிக்குத்தான் குடுப்பாங்க. ஏஜென்சி எங்களைக் கூப்பிடும். நீங்க யாருக்கு வேணும்னா பணம் கட்டுங்க, வர்றது இந்த வண்டிதான்.”

பச்சைக் கட்டங்கள் எல்லாம் என் கண் முன்னால் ஒரே ஆளாகச் சுருங்கின.

“அப்போ எந்தக் கம்பெனி எடுத்தாலும் ஒண்ணுதானா?”

“அதெப்படி சார்? மாசம் பிறந்தா கரெக்டா காசு போடுற கம்பெனி கேஸ்னா, சாப்பாட்டுல பாதில எந்திரிச்சு வருவேன். ஆறு மாசம் இழுத்தடிக்கிற கம்பெனின்னா, சாப்பிட்டு முடிச்சு, கையைக் கழுவிட்டு, வெத்தலையும் போட்டுட்டுத்தான் வருவேன்.”

நான் அவர் வாயைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி எப்படி என்று கேட்கத் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு நிபந்தனைப் பத்திரத்திலும் நமக்கு என்ன செய்வார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அந்த வெயிலில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு வரி கிடையாது. நம் கார் எவ்வளவு சீக்கிரம் ஊர் போய்ச் சேரும் என்பதை அந்த எழுதப்படாத வரிதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஆர்.எஸ்.ஏ. வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: கையில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுகிறார்கள், ஃபிளாட்பெட் உண்டா, மலைப்பாதைக்கு வருவார்களா என்று கேளுங்கள். பிறகு, அடிக்கடி போகிற வழியில் டோயிங் வண்டி வைத்திருப்பவர் யாராவது ஒருவரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே, எந்தக் கம்பெனி பணத்தைச் சரியாகத் தருகிறது என்று விசாரியுங்கள்.

இந்த முறை பாலிசி முடியும் நேரம் நெருங்கியதும் வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். டோயிங் தூரத்தை இரண்டு மடங்கு ஆக்கியிருப்பதாகச் சொன்னார். “அது இருக்கட்டும்மா. டோயிங் வண்டிக்காரருக்கு எத்தனை நாள்ல பணம் தர்றீங்க?” என்று கேட்டேன். எதிர்முனையில் கீபோர்டு சத்தம் நின்றது. மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் மேனேஜரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பணிவு. “சார், மன்னிக்கணும், அக்கவுன்ட்ஸ்ல கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. உங்க வண்டிக்கு மொத்தம் எத்தனை மாச பில் சார் பாக்கி?” என்றார்.