வைப்புத்தொகையைக் கணினியில் பதியும் முறை: தேவாரத்துப் பீரோவை முன்வைத்து ஓர் ஆய்வு

தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் பணம் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கி வருகிறது. இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, போடிநாயக்கனூரில் விற்று, மொத்தமாகக் கைக்கு வரும் தொகையில் ஒரு பங்கு வங்கிக்குப் போய் எஃப்.டி. ஆகிறது, ரசீது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அடைக்கலமாகிறது. இதுவரை தெளிவு. வீட்டுப் பிள்ளை வரவு செலவு மென்பொருளை நிறுவும் நாளில்தான் தத்துவச் சிக்கல் பிறக்கிறது: அந்த ஒரு லட்சம் எங்கே போயிற்று? சைவ சித்தாந்திகள் பிறர் கொள்கையைச் சொல்லி மறுப்பதைப் பரபக்கம் என்றும், தம் கொள்கையை நிறுவுவதைச் சுபக்கம் என்றும் வகுத்தார்கள். இந்தப் பொருளுக்கு அதைவிடக் குறைந்த மரியாதை தகாது.

பரபக்கத்தாருள் முதல்வர் செலவுவாதிகள். சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தது, ஆகவே செலவு என்பது அவர்கள் துணிபு. மகள் கல்யாணத்துக்கென்று போட்டதை எந்தத் தாயும் கையிருப்பாக எண்ணுவதில்லை என்ற அனுபவச் சான்றும் அவர்களுக்கு உண்டு. அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அவர்கள் அறிக்கைப்படி அந்தக் குடும்பம் ஐப்பசியில் ஒரு லட்சத்தை ஊதித் தள்ளியது; ஐந்து வருடம் கழித்து அதற்கு லாட்டரி விழுந்தது. ஒரு கணக்கை விட்ட பணம் இன்னொரு கணக்கில் நுழைந்தே தீரும் என்ற இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி 1494இலேயே வெனிஸில் அச்சேற்றிவிட்டார். அடுத்தவர் குவியல்வாதிகள். டெபாசிட் என்று ஒரே சொத்துக் கணக்கைத் திறந்து எல்லா ரசீதையும் அதில் கொட்டுவார்கள். முதிரும்வரை வட்டியைத் தீண்டமாட்டார்கள். கண்ணால் காணாததை எழுதுவது பொய்க்கணக்கு என்பது அவர்கள் வாதம்.

காணாததெல்லாம் இல்லாதது என்று தேவாரத்தில் நின்றுகொண்டு சொல்வது துணிச்சல்தான். பக்கத்துப் பொட்டிப்புரம் மலையில், கண்ணுக்குப் படாத நியூட்ரினோவைப் பிடிக்க 50,000 டன் காந்த இரும்பை வைக்கத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பில் அது நின்றுபோனது வேறு கதை. சேர்ந்துவரும் வட்டியைப் பிடிக்க அத்தனை இரும்பு வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு வரி போதும். ஆகவே சுபக்கம் இது: ரசீது ஒன்றுக்கு ஓர் உட்கணக்கு, காலாண்டுக்கு ஒரு வட்டிப் பதிவு. 7 சதவீதத்தில் காலாண்டுக் கூட்டுவட்டிக்குப் போட்ட ஒரு லட்சம் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 1,41,478 ஆகும். அந்த 41,478ஐயும் கடைசி நாளின் வருமானமாக எழுதுபவருக்கு முந்தைய நாலு வருடமும் கணக்கில் ஊமை. வரித்துறை அப்படிக் காத்திருப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000ஐத் தாண்டினால், மூத்த குடிமக்களானால் ஒரு லட்சத்தைத் தாண்டினால், பணம் கைக்கு வராவிட்டாலும் பிடித்தம் உண்டு. வைப்புக் காப்பீடும் நம் பக்கமே சாட்சி சொல்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் என்ற வரம்பு அசலோடு வட்டியையும் சேர்த்தது. அதே வட்டிக்கு 4,80,000 போட்டு நிம்மதியாகத் தூங்குபவர் ஒன்பதாம் மாத முடிவில் வரம்பைத் தாண்டியிருப்பார். குவியலில் அது தெரியாது.

இடையில் உடைத்தால் வட்டி குறையுமே, எழுதியது பொய்யாகாதா என்பர். குறையும், குறைந்ததைக் கழித்து ஒரு பதிவு போட்டால் தீர்ந்தது. பூவைப் பார்த்துக் காய்க்கு விலை பேசும் ஊரில் இது கூச்சப்பட வேண்டிய காரியமல்ல. வங்கியே எல்லாம் வைத்திருக்கிறதே என்பாருக்கு: ஒரு வங்கி தன்னிடம் உள்ளதை மட்டுமே அறியும், தபால் ஆபீஸில் கிடப்பதை அறியாது. மிஞ்சுவது தானாகப் புதுப்பிக்கும் டெபாசிட். அசல் தன் வட்டி என்னும் வினையோடு புது உடல் எடுப்பதால் இதைப் பழைய கணக்கிலேயே தொடரலாம் என்று சிலர் மறுபிறவிக் கொள்கை பேசுகிறார்கள். ஆனால் தேதி வேறு, வட்டி விகிதம் வேறு. புதுக் கணக்கே முறை. பழையதன் இருப்பு பூஜ்ஜியம் என்று திரையில் பார்த்த பிறகே பீரோவில் பழைய ரசீதைத் தேடிக் கிழிக்கலாம், அம்மா விட்டால்.