பெயர் கேட்டால் மோசில்லா

1997 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பின் ஊழியர்கள் வேலைக்கு வந்தபோது, அலுவலகப் புல்வெளியில் ஒரு ராட்சத 'இ' எழுத்து நின்றுகொண்டிருந்தது. முந்தைய இரவு தங்கள் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4இன் வெளியீட்டு விழாவை முடித்த மைக்ரோசாப்ட்காரர்கள், விழாவுக்குச் செய்த எழுத்தை வண்டியில் ஏற்றிவந்து எதிரியின் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'இ'யைச் சாய்த்துப் போட்டு, தங்கள் சின்னமான மோசில்லா டைனோசரை அதன்மேல் ஏற்றி, ஓர் அட்டையையும் மாட்டினார்கள்: நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாப்ட் 18. சந்தைப் பங்குக் கணக்கு.

அட்டை நீடிக்கவில்லை. விண்டோஸோடு இலவசமாகவே வந்து இறங்கிய 'இ'க்கு முன்னால் டைனோசர் டைனோசராகவே ஆனது. அடுத்த ஆண்டே நெட்ஸ்கேப்பை ஏஓஎல் விலைபேசி முடித்தது. வென்ற மைக்ரோசாப்ட் என்ன செய்தது? 2001இல் எக்ஸ்புளோரர் 6ஐ வெளியிட்டுவிட்டுப் போர்த்திப் படுத்தது. 7 வந்தது 2006இல். அதுவும் ஃபயர்பாக்ஸ் என்றொரு பொடியன் 2004இல் வந்து போர்வையை இழுத்த பிறகு.

2008இல் கூகுள் குரோமைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய அணியை நடத்தியவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அறிமுகத்துக்காகப் படக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுடைக் கொண்டு 38 பக்கப் படக்கதையே வரையவைத்தார்கள். உலகத்தின் தகவல்களையெல்லாம் ஒழுங்குபடுத்தக் கிளம்பிய நிறுவனம் படக்கதையைத் தபாலில் அனுப்ப, அது சிலர் கைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்து குட்டு வெளிப்பட்டது.

பிரவுசர்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு. தளத்தின் கதவைத் தட்டும்போது பெயர் சொல்ல வேண்டும். 90களில் பல தளங்கள், 'மோசில்லா' என்று சொன்னவருக்கு மட்டுமே நல்ல பக்கங்களைக் கொடுத்தன. மோசில்லா நெட்ஸ்கேப்பின் செல்லப்பெயர். எக்ஸ்புளோரர் யோசிக்கவே இல்லை; "மோசில்லா" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டது. பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் குரோமைப் பெயர் கேட்டால், மோசில்லா, ஆப்பிள் வெப்கிட், கெக்கோ மாதிரியான கேஎச்டிஎம்எல், குரோம், சஃபாரி என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும். உண்மைப் பெயர் நடுவில் எங்கோ வந்துபோகும்.

பெயரைக் கடன் வாங்கியவர்கள் பிறகு உள்ளே ஓடும் இயந்திரத்தையே வாங்கிக்கொண்டார்கள். ஓபரா 2013இல் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டுக் கூகுளின் குரோமியத்துக்கு மாறியது. மைக்ரோசாப்ட் 2018இல் தோல்வியை ஒப்புக்கொள்ள, 2020இல் வந்த அதன் புதிய எட்ஜ் பிரவுசருக்குள் இருந்ததும் குரோமியம். பிரேவும் அதுவே, ஸோஹோவின் 'உலா'வும் அதுவே. ஒரே காண்டிராக்டர் சமைக்க, மண்டபத்துக்கு மண்டபம் வரவேற்புப் பலகை மட்டும் மாறுகிற கல்யாணச் சாப்பாடு. எட்ஜில் போய்க் குரோமை இறக்கப் பார்த்தால், இதுவும் அதே தொழில்நுட்பம்தான், கூடவே எங்கள் நம்பகமும் சேர்கிறது என்று மைக்ரோசாப்ட் குறுக்கே விழுந்து சொன்ன காலமும் உண்டு.

இதை எழுதுபவரின் கணினியிலும் சில பிரவுசர்கள் குடியிருக்கின்றன. ஒன்றைத் திறந்தால், "என்னையே நிரந்தரமாக்குங்கள்" என்கிறது. ஆக்கினால் மற்றது முகம் தூக்குகிறது. உள்ளே இருப்பது ஒரே இயந்திரம் என்று இரண்டுக்கும் தெரியாது போலிருக்கிறது.

இந்த நிரந்தர இடத்துக்கு விலை உண்டு. சஃபாரியில் தன் தேடுபொறி முதலில் நிற்பதற்காகக் கூகுள் 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்றத்தில் வெளியானது. தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று 2024இல் தீர்ப்பளித்தார் நீதிபதி அமித் மேத்தா. குரோமை விற்க உத்தரவிட வேண்டும் என்றது அமெரிக்க அரசு.

விற்பனை உறுதியாகும் முன்பே வாங்க ஆள் வந்துவிட்டார். 2025 ஆகஸ்டில் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் குரோமுக்கு 3,450 கோடி டாலர் விலை சொன்னது. அந்த நிறுவனத்தின் மதிப்பே அப்போது ஏறத்தாழ 1,800 கோடிதான். அதன் தலைவர் அரவிந்த் ஸ்ரீநிவாஸ், சென்னையில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்தவர். ஒரு சென்னைக்காரர் வளர்த்த பிரவுசரை இன்னொரு சென்னைக்காரர் விலைபேசிய இந்த வைபவம் சில வாரமே நீடித்தது. செப்டம்பரில் மேத்தா, குரோமை விற்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

பெர்ப்ளெக்ஸிட்டியிடம் ஏற்கெனவே 'காமெட்' என்ற சொந்தப் பிரவுசர் இருந்தது. (குரோமியம்தான், கேட்கவே வேண்டாம்.) நாம் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம், அதுவே படிக்கும், சுருக்கும், கடைக்குப் போய்ப் பொருளும் வாங்கும். படிப்பதில்தான் கொஞ்சம் வெகுளி. பக்கத்தில் யாராவது ஒளித்துவைத்த கட்டளையைக்கூட முதலாளியின் உத்தரவாக எடுத்துக்கொண்டு கீழ்ப்படியும் என்று பிரேவ் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

2025 நவம்பரில் அமேசான், காமெட் தன் கடைக்குள் வந்து பொருள் வாங்குவதை எதிர்த்து வழக்குப் போட்டது. இது மிரட்டல், இதற்குப் பெயர் புதுமை அல்ல என்று சீறியது பெர்ப்ளெக்ஸிட்டி. அமேசானின் புகார்களில் ஒன்று: வருவது காமெட், ஆனால் தன்னைக் குரோம் என்று காட்டிக்கொள்கிறது.