துணைக்கணியர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை, அதிபர் தேர்தல் நடைபெறும் லீப் ஆண்டின் கோடையில் பெருந்திரளாகத் தோன்றி, கட்சி மாநாடுகள் முடிந்ததும் சுவடின்றி மறைந்துவிடும் ஒரு மனிதவகை உண்டு. கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவது உறுதியாகிவிட்ட ஒருவர், தம்மோடு இணைந்து வாக்குச்சீட்டில் இடம்பெறவேண்டிய துணை அதிபர் வேட்பாளராக யாரை அறிவிப்பார் என்பதை அவருக்கே தெரிவதற்கு முன்பு தாம் தெரிந்துகொள்வதைப் பிறவிக்கடனாக ஏற்றுக்கொண்ட இவரை, வசதி கருதித் துணைக்கணியர் என்று குறிப்பிடலாம். தொலைக்காட்சி நிலையத்தில் சம்பளம் பெற்றுக்கொண்டு கணிப்பவரும் இவ்வகையினரே. சின்சினாட்டியில் பல் மருத்துவம் பார்த்துக்கொண்டு, வாயை அகலத் திறந்திருப்பதால் மறுத்துப் பேச இயலாத நோயாளிகளிடம் கணிப்பவரும் இவ்வகையினரே. இருவருள் பின்னவருடைய கணிப்பு பிழைபடும் விகிதம் முன்னவருடையதைவிட மிகுதி என்று கருத ஆதாரம் எதுவும் இல்லை.

அகப்பொருள் இலக்கணத்தார் ஒவ்வொரு திணைக்கும் காலமும் ஒழுக்கமும் வகுத்ததுபோல இவருக்கும் வகுக்கலாம். முன்தேர்தல்கள், அதாவது கட்சியின் வேட்பாளரை மாநிலவாரியாகத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்புகள், முடிவு தெரிந்து ஓய்ந்த நாள்முதல் மாநாட்டின் தொடக்கம்வரை உள்ள காலமே இவருடைய பெரும்பொழுது. சிறுபொழுது நள்ளிரவுக்குப் பிற்பட்டது: 2008 ஆகஸ்டில் பராக் ஒபாமா தம் தேர்வைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்புவதாக வாக்களித்து, செய்தியாளர்கள் முந்திக்கொண்டதால் ஜோ பைடனின் பெயரை விடியற்காலை மூன்று மணியளவில் அனுப்ப நேர்ந்தபோது, நாடெங்கும் விழித்திருந்தவர்கள் பச்சிளங்குழந்தைகளின் தாய்மாரும் துணைக்கணியர்களும் மட்டுமே. உரிப்பொருள், முல்லைக்குரிய இருத்தல். அறிவிப்பு வெளிவந்தபின் அது நெய்தலுக்குரிய இரங்கலாகத் திரியும். ஆனால் அவ்விரக்கம் ஒரு வேளை உணவுவரைகூட நீடிப்பதில்லை.

இவ்வகை தோன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தொடக்கத்தில் துணை அதிபரை எவரும் தேர்ந்தெடுக்கவே இல்லை. அதிபர் தேர்தலில் இரண்டாமிடம் பெற்றவர் துணை அதிபரானார். அதன் பயனாக 1796 தேர்தலுக்குப்பின் ஜான் ஆடம்ஸ் அதிபராகவும், அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன் துணை அதிபராகவும் அமர்ந்து, ஒருவரையொருவர் நான்காண்டுகள் பொறுத்துக்கொண்டனர். இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்ற 12ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1804இல் நடைமுறைக்கு வந்தபின்னரும், கட்சிப் பெரியவர்கள் மாநாட்டில் பேரம்பேசியே துணை வேட்பாளரை முடிவுசெய்தனர். 1940இல் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸை ஏற்காவிட்டால் தாமும் போட்டியிடப்போவதில்லை என்று மிரட்டி அந்த உரிமையைத் தம் கைக்கு மாற்றினார். அதன்பின் இத்தேர்வு ஒரே ஒரு வாக்காளரைக் கொண்ட தேர்தலாக மாறிவிட்டது. மற்றத் தேர்தல்களின் முடிவைக் கருத்துக்கணிப்பாளர்கள் முன்னமே உடைத்துச் சொல்லி ஊகத்தின் இன்பத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஒரே மனிதரின் மனத்தை மாதிரி எடுத்து அளக்க அவர்களால் இயலாது. துணைக்கணியர் குடியேறியிருப்பது அவர்கள் விட்டுவைத்த இந்தச் சிறு நிலத்தில்தான். 1956இல் அட்லாய் ஸ்டீவன்சன் தாம் தேர்ந்தெடுக்காமல் மாநாட்டின் வாக்குக்கே விட்டுவிட, எஸ்டஸ் கெஃபாவர் என்பவர் இளைஞரான ஜான் கென்னடியைத் தோற்கடித்தார்; ஊகிக்கவேண்டியதைப் பொதுவில் எண்ணிக் காட்டிய அந்த அநாகரிகத்தைப் பின்வந்த வேட்பாளர் எவரும் செய்யவில்லை என்பது துணைக்கணியருக்கு ஆறுதல்.

இவருடைய சாத்திரத்தின் முதற்சூத்திரம் சமன்பாடு. அதிபர் வேட்பாளர் வடக்கரானால் துணைவர் தெற்கராகவும், முதியவரானால் இளையவராகவும், ஆளுநராக இருந்தவரானால் வெளியுறவு அறிந்த செனட்டராகவும் இருத்தல்வேண்டும் என்பது அதன் பொருள். 1960இல் மாசச்சூசெட்ஸின் கென்னடி டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு அம்மாநிலத்தின் 24 தேர்வாளர் வாக்குகளையும் வென்றதே இவருக்கு வேதவாக்கு. தேர்வாளர் வாக்கு என்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட எடை. இன்றைய மொத்தம் 538, வெற்றிக்கு வேண்டியது 270. எனவே இவருடைய மேசைமேல் நாட்டுப்படம் ஒன்றும் கூட்டல் கணக்கு ஒன்றும் எப்போதும் விரிந்திருக்கும். 1988இல் மைக்கேல் டுகாகிஸ் இதே சூத்திரப்படி டெக்சாஸின் லாயிட் பென்ட்சனைச் சேர்த்துக்கொண்டும் டெக்சாஸை இழந்தார் என்பதும், 1992இல் ஆர்கன்சாஸின் பில் கிளின்டன் பக்கத்து மாநிலமான டென்னசியிலிருந்து ஏறத்தாழத் தம் வயதினரேயான ஆல் கோரைச் சேர்த்துக்கொண்டு வென்றார் என்பதும் சூத்திரத்தை அசைப்பதில்லை. முன்னது விதிவிலக்கு, பின்னது ‘வலுவூட்டல்’ என்னும் இரண்டாம் சூத்திரம். துணை வேட்பாளர் தம் சொந்த மாநிலத்தை வென்று தருவது அரிதினும் அரிது என்று கிறிஸ்டோபர் டிவைன், கைல் கோப்கோ என்னும் அரசியல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்து நூலே எழுதியுள்ளனர். துணைக்கணியர் அதை மதிப்பார், படிக்கமாட்டார். டிக் செனி வயோமிங்கிலிருந்தும், பைடன் டெலவேரிலிருந்தும், சாரா பேலின் அலாஸ்காவிலிருந்தும், ஆளுக்கு மூன்றே தேர்வாளர் வாக்குகளோடு வந்துசேர்ந்தது நாட்டுப்படத்துக்கு நேர்ந்த அவமதிப்பு என்பதே அவர் கொள்கை.

இரண்டாவது கலை, மறுப்புக்கு உரை காண்பது. ஒரு செனட்டர் தமக்கு அப்பதவியில் விருப்பமில்லை என்றால் விருப்பம் உண்டு என்றும், தம்மை எவரும் அணுகவில்லை என்றால் அணுகிவிட்டார்கள் என்றும், ஒன்றுமே சொல்லாமல் நகர்ந்தால் ஆவணங்களைக் கொடுத்துவிட்டார் என்றும் கொள்ளவேண்டும். ஆவணங்கள் என்பவை வரிக்கணக்கு, உடல்நிலை, பழைய வழக்குகள் ஆகியவற்றைப் பின்னணிச் சோதனைக்காக வழக்கறிஞர் குழுவிடம் ஒப்படைக்கும் கட்டுகள். 1972இல் ஜார்ஜ் மெக்கவர்ன் அவசரமாகத் தேர்ந்தெடுத்த தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது பின்னர் வெளியாகி, 18 நாட்களில் விலக நேர்ந்தது. அந்த மனிதர்க்கு இழைக்கப்பட்டது கொடுமை என்பது வேறு, அதன்பிறகு வந்த வேட்பாளர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெருகிக்கொண்டே போயின. கேள்விகள் பெருகப்பெருகக் கசிவுகளும் பெருகின, துணைக்கணியர் செழித்தார்.

ஆனால் உரைநயத்தைவிடப் பருப்பொருட்சான்றே இவரை உண்மையில் மயக்குவது. 2004 ஜூலையில் பிட்ஸ்பர்க் விமானக் கொட்டகையில் அதிபர் வேட்பாளர் ஜான் கெரியின் விமானத்தின்மேல், அவர் துணைவராகத் தேர்ந்தெடுத்த ஜான் எட்வர்ட்ஸின் பெயர் ஒட்டப்படுவது அறிவிப்புக்கு முந்தைய இரவே ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாட்காலை நியூயார்க் போஸ்ட் நாளிதழோ டிக் கெப்ஹார்ட்டே தேர்வானவர் என்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வந்தது. அன்றுமுதல் இவர் அரசியல்வாதிகளின் பேச்சை விட்டுவிட்டு விமானங்களின் போக்குவரத்தைக் கவனிக்கலானார். 2008இல் அலாஸ்காவிலிருந்து ஒஹையோவுக்கு ஒரு தனி விமானம் பறந்ததைக் கண்டு சிலர் பேலினின் பெயரைச் சரியாகவே ஊகித்தது இவ்வறிவியலின் பொற்காலம். அதற்கு மறுமுறையே சரிவு வந்தது: 2012இல் துணை வேட்பாளராகத் தேர்வான பால் ரையன், வாசலில் காத்திருந்த செய்தியாளர்களின் கண்ணில் படாமல், விஸ்கான்சினில் உள்ள தம் வீட்டின் பின்புறத்து மரக்கூட்டத்தின் வழியே நடந்து வெளியேறினார். நடந்துபோகிறவரைத் தொடரும் கருவி துணைக்கணியரிடம் இல்லை.

2024இல் கமலா ஹாரிஸ் தம் துணைவரோடு முதன்முதலாக மேடையேறும் ஊர் ஃபிலடெல்ஃபியா என்று தெரிந்தவுடன், பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷாபிரோவே தேர்வானவர் என்று முடிவுகட்டி, அம்மாநிலத்தின் 19 வாக்குகளையும் பலர் கூட்டிமுடித்துவிட்டனர். மேடைக்கு வந்தவர் மினசோட்டாவின் டிம் வால்ஸ். நான்காண்டுகளுக்கு முன்பு ஹாரிஸே தேர்வுக்குரியவராக இருந்தபோது கிடைத்த சான்று இதைவிட நேர்த்தியானது: பைடன் கையிலிருந்த குறிப்புத்தாளை ஒரு நிழற்படக்காரர் படம்பிடித்தார், அதில் ஹாரிஸின் பெயரும், மனக்கசப்பு கூடாது என்ற குறிப்பும் இருந்தன. இவ்வளவு வெளிப்படையான சான்று திசைதிருப்பும் உத்தியாகவே இருக்கமுடியும் என்று நுட்பமானவர்கள் தள்ளிவிட்டனர். ஆகஸ்ட் 11இல் அவர் பெயர் அறிவிக்கப்பட்ட மறுநாளே, திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் பூர்விக ஊர் என்பது பற்றி ஒரு பத்தி எழுதும் புலமை அதே நுட்பமானவர்களுக்குக் கைவந்திருந்தது.

அறிவிப்புக்குப் பிந்திய இந்நடத்தையே இவருடைய தனிச்சிறப்பு. மார்ச்சுமுதல் இருபது பெயர்களைத் தக்க காரணங்களோடு சொல்லிவந்தவருக்கு, ஒன்றேனும் பலித்தபின் மற்றப் பத்தொன்பதும் நினைவில் தங்குவதில்லை. பெயர் தெரிந்தவுடன் ஆர்வமும் வடிந்துவிடுகிறது. துணை வேட்பாளர்களின் விவாதம் அக்டோபரில் நடக்கும்போது இவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். இதில் ஒரு விந்தை இருக்கிறது. துணை அதிபர்களில் எண்மர் அதிபரின் மரணத்தாலும் ஜெரால்ட் ஃபோர்டு அதிபரின் பதவி விலகலாலும், ஆக ஒன்பதின்மர் நாட்டின் தலைமையை ஏற்க நேர்ந்தது. ஹாரி ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாட்களே. யார் தேர்வாகிறார் என்பதைப் பொருட்படுத்த இது ஒன்றே போதிய காரணம். துணைக்கணியரின் ஆய்வில் இடம்பெறாத காரணமும் இதுவே.

2000ஆம் ஆண்டை இவர் விரும்பிப் பேசுவதில்லை. ஜார்ஜ் புஷ் தமக்கு ஏற்ற துணைவரைத் தேடித்தரும் பொறுப்பை டிக் செனியிடம் ஒப்படைத்தார். செனி பலருடைய ஆவணக் கட்டுகளையும் வாங்கிப் படித்தார். முடிவில் செனியே தேர்வானார். தேடுபவர் பெயரைத் துணைக்கணியர் வெகுநாள்வரை எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்கவில்லை. மாநிலத்தின் சார்பில் அந்த வாக்குகளை அளிக்கும் தேர்வாளர்கள் தம் சொந்த மாநிலத்தைச் சேர்ந்த இருவருக்கே தம் இரு வாக்குகளையும் அளித்தல் ஆகாது என்பது 12ஆம் திருத்தத்தின் விதியாகையால், புஷ்ஷைப் போலவே டெக்சாஸில் குடியிருந்த செனி, அறிவிப்புக்குச் சில நாள் முன்பு வயோமிங்குக்குச் சென்று அங்கு வாக்காளராகப் பதிந்துகொண்டார். துப்பு விமானத்தில் வராமல் பதிவேட்டில் வந்துவிட்டது. அப்பாடத்தை மறவாத துணைக்கணியர் 2024இல், டொனால்ட் டிரம்ப்பும் மார்கோ ரூபியோவும் 30 தேர்வாளர் வாக்குகளுடைய ஃபுளோரிடாவிலேயே குடியிருப்பதைக் கருதி, ரூபியோ எந்த மாநிலத்தில் வீடு பார்க்கிறார் என்று கோடைமுழுதும் விசாரித்துக்கொண்டிருந்தார். ரூபியோ வீடு மாறவில்லை. ஜூலை 15இல் ஒஹையோவின் ஜே. டி. வான்ஸ் அறிவிக்கப்பட்டார், தாம் முதலிலிருந்தே சொல்லிவந்த பெயர் அதுதான் என்று சின்சினாட்டிப் பல் மருத்துவர், பஞ்சு வைத்த வாயோடு படுத்திருந்தவரிடம் நினைவூட்டினார்.