கோலுக்குள் யானைக்காது: கிணற்றடிச் சேம்பு வீட்டுக்குள் குடிபுகுந்தமை பற்றிய ஆய்வு

வன்னியில் சேம்பின் இடம் கிணற்றடி என்பது நெடுங்காலம் எவரும் மறுக்காத கொள்கை. குளித்த தண்ணீர் வாழையடிக்கு ஓடும் வழியில் அது தன்பாட்டில் தழைக்கும். பராமரிப்பு என்று ஒன்று அதற்குத் தேவைப்படும் என யாரும் எண்ணியதில்லை. இப்போது அதே செடியோ அதன் நெருங்கிய உறவோ வெள்ளைப் பூச்சாடியில் ஏறி, யானைக்காது என்ற பட்டத்தோடு கோலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தப் பதவி உயர்வின் விளைவுகளே இங்கு ஆராயப்படுகின்றன.

முதலில் ஆளை அடையாளம் காணவேண்டும். காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே ஒட்டி, இலை நிலம் பார்த்துத் தொங்கினால் அது சேம்பு. தாவரவியலார் கொலக்காசியா என்பர். பிளவின் அடியிலேயே காம்பு சேர்ந்து இலை வானம் பார்த்து நின்றால் பெரும்பாலும் அலோகாசியா. முன்னது சேற்றிலும் சுகமாக இருக்கும். பின்னதன் அடியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இரண்டுக்கும் ஒரே வாளியால் ஊற்றும் சமத்துவம் இத்துறையில் செல்லாது.

ஏன் வீட்டுக்குள்? டொரன்டோவில் இருக்கும் மாமா பனிக்காலத்துக்கு முன் கிழங்கைக் கிண்டி உள்ளே எடுப்பதில் நியாயம் உண்டு. உறைபனி செடியைக் கொன்றுவிடும். மாங்குளத்தில் உறைபனி விழுந்ததாகத் தகவல் இல்லை. எனவே காரணத்தை வீடியோ அழைப்பில், பேசுபவரின் தலைக்குப் பின்னால் தெரியும் மூலையில் தேடுவதே முறை.

இடப்பிரச்சினை பாரதூரமானது. போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபாய் உதவியோடு எழுந்த வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. நன்றாக வளர்ந்த சேம்பிலை ஒன்றே இரண்டடி நீளம் வரும். ஐந்து இலை விரிந்தால் வீட்டில் ஒருவர் விறாந்தைக்குப் போகவேண்டும். வழக்கமாக அது அப்பு.

புழுதிதான் இவ்வாய்வின் மையம். தாமரையிலை தன்னைத் தானே சுத்தம் செய்யும் விதத்தை ஜெர்மனியின் பார்ட்லொட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் விளக்கினார்கள். அவர்கள் சோதித்த இலைகளில் சேம்பும் ஒன்று. இலைமேல் உள்ள நுண்மெழுகில் மழைத்துளி ஒட்டாமல் உருளும். உருளும்போது தூசியையும் அள்ளிப்போகும். கோலுக்குள் மழை இல்லை. கிறவல் ரோட்டுப் புழுதியோ யன்னலால் தாராளமாக வரும். ஆகவே மழையின் வேலையை ஒரு மனிதர் ஏற்கவேண்டியுள்ளது. வீட்டுக்கு வீடு அந்த வேலை மருமகளுக்கே விதிக்கப்படுகிறது. அவரும் பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசி அழுத்தித் துடைத்தால் மெழுகு போய்விடும், எண்ணெயில் புழுதி இன்னும் ஒட்டும். தண்ணீர் தெளித்து விடுவதே போதும்.

மற்றவை சிறிய விடயங்கள். கிழக்கு யன்னலோர வெளிச்சம் நல்லது. உச்சி வெயில் நேரே பட்டால் இலை கருகும். சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் பிடிக்கும். விடியற்புறம் இலைநுனியிலிருந்து நிலத்தில் தண்ணீர் சொட்டினால் கூரைக்கு மேசனைக் கூப்பிடவேண்டாம். வேர் மிகையாக உறிஞ்சிய நீரைச் செடி அப்படித்தான் வெளியேற்றும்.

சாற்றில் ஊசி வடிவக் கல்சியம் ஒக்சலேட் படிகங்கள் உண்டு. தவழும் பிள்ளை இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும் என்பதால் சாடி உயரத்தில் இருக்கட்டும். உண்ணும் சேம்பின் கிழங்கை நன்றாக அவித்துப் புளிவிட்டுக் கறி வைக்கலாம் என்று அம்மம்மா சொல்லக்கூடும். சாடியில் இருப்பது அலோகாசியா என்றால் அந்த யோசனை நிராகரிக்கப்படுகிறது.

உள்ளே வைப்பதற்குச் சார்பான வலுவான வாதம் ஒன்று உண்டு. இரவில் காட்டு யானை வளவுக்குள் புகுந்தால், யானை வெடி கொளுத்துவதற்குள் வாழையோடு சேம்பும் மிதிபடும். கோலில் நிற்கும் செடிக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் நெல் மணத்துக்குச் சுவரை இடித்து உள்ளே வரும் யானைகளும் இருப்பதால், அறுவடைக் காலத்தில் சாடியை நெல்மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கலாகாது.