வருங்காலத் தலைவர்

ஊராட்சித் தலைவர் ஆக ஆசைப்படுகிறவர் வேறு, வருங்காலத் தலைவர் வேறு. முன்னவருக்குத் தேர்தல் வேண்டும். பின்னவருக்குத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு போதும். அதிலேயே பல வருஷம் ஓட்டிவிடுவார். திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலும் இந்த வகையினர் உண்டு. ஆனாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய சிறுபுழல்பேட்டை, பாப்பன்குப்பம், புதுகும்மிடிப்பூண்டி பக்கமும், தேர்வாய் கண்டிகைப் பக்கமும்தான் அவர்கள் தழைத்து நிற்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. ஏரித் தண்ணீரை நம்பிய ஊராட்சியில் தலைவர் என்பவர் மோட்டார் எரிந்துபோனால் திட்டு வாங்குகிறவர். ஆலைகள் உள்ள ஊராட்சியில் சொத்து வரி வருகிறது, அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி வருகிறது. அதைவிட முக்கியம், ஆள் அனுப்பும் ஒப்பந்தம், வேன், கேன்டீன், தண்ணீர் லாரி, பழைய இரும்பு என்று கம்பெனி வெளியாரிடம் விடும் வேலைகள். அவற்றைக் கேட்க வாசல் வரை போக வேண்டும். வாசலில் சொல்ல ஒரு பெயர் வேண்டும். “தலைவர் வந்திருக்காரு” என்றால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். ‘வருங்கால’ என்ற அடைமொழியை உடன் வந்த பையன் முணுமுணுப்பாகச் சொல்லி முடித்திருப்பான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வெள்ளைச் சட்டை, கரை போட்ட வேட்டி, சட்டைப் பையின் துணியை மீறித் தெரியும் கட்சித் தலைவர் படம். கட்சி மாறினால் படமும் கரையும் மாறும், சட்டை அதேதான். கவரைப்பேட்டையிலிருந்து எளாவூர் வரை ஜி.என்.டி. சாலையோரம் நிற்கும் பிளெக்ஸ் பேனர்களில் அவருடைய வாழ்க்கை வரலாறு முழுதும் கிடைக்கும். மேலே வட்டங்களுக்குள் மறைந்த தலைவர்கள், அடுத்த வரிசையில் இருக்கிற தலைவர்கள், நடுவில் ‘மாவட்டம்’, ஓரத்தில் ‘ஒன்றியம்’. வலப்பக்கம் ஆளுயரத்துக்கு, கைபேசியைக் காதில் வைத்தபடி நடந்து வருகிறவர் அவர். யாருடைய காதணி விழாவுக்காக அந்தப் பேனர் வைக்கப்பட்டதோ அந்தக் குழந்தை கீழ் மூலையில் தபால்தலை அளவில் இருக்கும்.

அவருடைய ஆண்டு மொய்க் கணக்கில் தொடங்கி மொய்க் கணக்கிலேயே முடிகிறது. மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கருமாதி எதையும் விடுவதில்லை. சாவு வீட்டுக்கு முதல் மாலை அவருடையது. ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டுவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பார். ஆரம்பாக்கம், எளாவூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் துக்கத்தைத் தெலுங்கிலேயே விசாரிப்பார். வேறு எந்த விஷயத்துக்கும் அவருக்குத் தெலுங்கு வராது. ஆடி மாதம் கூழ் ஊற்றக் கேழ்வரகு மூட்டை, பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போக டெம்போ, எல்லாம் அவர் உபயம். சொந்த வீடு வேண்டுகிறவர்கள் ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் போகும் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு அவரும் ஆறு வாரம் போவார். வீடு இருக்கிறது. கேட்பது சீட்டு.

டீக்கடையில் யாராவது ஆரம்பித்து வைப்பார்கள்.

“இன்னா தலைவரே, இந்த வாட்டி நிக்கிறீங்க இல்ல?”

“நான் எங்கப்பா நிக்கிறேன்? ஜனங்க விட மாட்டேன்றாங்க.”

அந்த ஜனங்கள் யார் என்று கேட்கும் வழக்கம் டீக்கடையில் இல்லை. டீக்காசு அவர் தருகிறார்.

நிற்பது முடிவானாலும் எதற்கு நிற்பது என்பது இழுபறிதான். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி நடக்கும் தேர்தலில் கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் உண்டு. 2019-இல் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்குப் பெரும்பாலும் வெள்ளை என்று வாக்குச்சீட்டுகள் அச்சாயின. வருங்காலத் தலைவர் மஞ்சளில் ஆரம்பிப்பார். கட்சிப் பெரியவரின் மைத்துனர் மஞ்சளைக் கேட்டதும் பச்சைக்கு இறங்குவார். பச்சையைக் கூட்டணிக்கு ஒதுக்கியதும், “எனக்குக் கட்சி முக்கியமில்ல, ஊருதான் முக்கியம்” என்று இளஞ்சிவப்புக்கு வந்து சேருவார். வெள்ளைக்கு மட்டும் இறங்க மாட்டார். அதற்குத் தம்பி இருக்கிறார்.

அமெரிக்காவில் கவுண்டி என்ற வட்டார அளவில் ஷெரீப் உள்ளிட்ட பல பதவிகளுக்குத் தேர்தல் உண்டு. கட்சி சார்பில் யார் நிற்பது என்பதையே பல இடங்களில் வாக்காளர்கள் முன்கூட்டி ஒருநாள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள்; பிரைமரி என்கிறார்கள் அதை. இங்கே அந்த வேலையை விருப்ப மனுவும் நேர்காணலும் முடித்துக்கொடுக்கின்றன, செலவும் ஓட்டுமில்லாமல். கட்சிக்காகச் சிறை சென்ற விவரம் கேட்டால், மறியலில் கைதாகிக் கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை இருந்து சாம்பார் சாதம் சாப்பிட்டதை எழுதுவார். நேர்காணலில் உருப்படியான கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு செலவு பண்ணுவீங்க? 2019-இல் மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு வரம்பு ஊராட்சித் தலைவருக்கு 34,000 ரூபாய், ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட வார்டுக்கு 1,70,000. ஆணையத்தை மதித்து இந்தத் தொகையைப் பதிலாகச் சொல்கிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிற்பாடு கணக்கு ஒப்படைக்கும்போது மட்டும் வென்றவர், தோற்றவர் எல்லோரும் வரம்புக்குள் அடக்கமாக வந்து நிற்பது தமிழ்நாட்டுச் சிக்கனத்தின் சிகரம்.

கட்சி கைவிட்டாலும் 600 ரூபாய் டெபாசிட் கட்டித் தலைவர் பதவிக்கு மனுப் போட்டுவிடலாம். மனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாளைத்தான் அவர் வாழ்வின் பொன்னாள் எனலாம். அன்று காலை முதல் அவர் வீட்டுக்கு எதிரணியினர் வருகிறார்கள், சொந்தக் கட்சிக்காரர்கள் வருகிறார்கள், மாமனாரைக் கூடக் கூட்டிவருகிறார்கள். என்ன பேசினார்கள் என்பது வெளியே வருவதில்லை. மத்தியானத்துக்குமேல் அவர் ‘ஊர் ஒற்றுமையை முன்னிட்டு’ விலகிவிடுவார்.

ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் கதை திரும்பும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. சுழற்சியில் தன் ஊர் மாட்டியது என்று தெரிந்த அன்று அவருக்குக் காய்ச்சல் வரும். மறுநாள் தெளிந்துவிடும், மனைவியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பது நினைவுக்கு வந்திருக்கும். பேனரில் அவர் நடந்து வரும் படம் அப்படியே இருக்க, பக்கத்தில் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய அம்மையாரின் படம் சேரும். வென்றுவிட்டால் கையெழுத்து அம்மையாருடையது, நாற்காலி இவருடையது. தானே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண் தலைவர்கள் இதே மாவட்டத்தில் உண்டு. அவர்கள் பட்ட பாடு இந்தச் சித்திரத்தில் அடங்காது. 2020 சுதந்திர தினத்தன்று கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் ஒருவர் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பிறகு, சில நாட்களில், ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார்.

விலகாமல் களத்தில் நின்றுவிடும் வருங்காலத் தலைவர் அபூர்வம். அவரைக் கெடுப்பது கூட்டம். சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கும் அதன் பின்வரும் பிரியாணிக்கும் குறைவில்லாமல் வருவார்கள், கொடி பிடிப்பார்கள், சொல்லிக்கொடுத்தால் “வாழ்க” என்றும் சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது. இந்த விவரம் எண்ணிக்கை மையத்தில்தான் தெரியவரும். கிராம ஊராட்சிகளில் மின்னணு எந்திரம் இல்லாமல் சீட்டுகளைப் பிரித்து எண்ணியதால், 2020 ஜனவரி 2-இல் தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நீண்டது. தோற்கப்போகிறவர்கள் ஒரு ராத்திரி கூடுதலாகத் தலைவர்களாக இருந்தார்கள்.

தப்பித்தவறி வார்டில் வென்ற தம்பிக்கு அண்ணனைவிட மவுசு கூடும். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். வெள்ளைச் சீட்டை ஏளனமாகப் பார்த்தவர் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்.

இந்த வகையினருக்கு உகந்த காலம் தேர்தல் நடக்காத காலமே. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, மனுத்தாக்கல் எல்லாம் ஆன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் அவர்கள் தோற்காமல் இருந்தார்கள். 2019 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. முன்னாள் தலைவரும் அன்று முதல் வருங்காலத் தலைவர் ஆகிவிட்டதால் போட்டி சற்றுக் கூடியிருக்கிறது. கிராம சபைக் கூட்டத்தில் இப்போது முன் வரிசை நாற்காலிகள் போதுவதில்லை. குடிநீர்க் குழாய் பற்றி அவர்கள் எல்லோரும் பேசி முடித்தபின் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். பதவி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஊராட்சிச் செயலாளரிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அவர் எல்லோருக்கும் ‘பொதுமக்கள்’ என்றே எழுதிக்கொள்கிறார்.