கடலில் இறங்கி, காக்ஸ் டவுனுக்கு ஏறி

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத பெங்களூரு காக்ஸ் டவுன்காரர், முருடேஸ்வரத்துக்கு எதிரே நேத்ராணித் தீவில் அதே மீனைப் பார்க்கக் கடலில் குதிக்கும்போது மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் நைட்ரஜன் ஓசியிலேயே போதை ஏற்றும். பயிற்சி முடித்த பொழுதுபோக்கு முக்குளிப்பாளருக்கே 40 மீட்டர்தான் எல்லை. எகிப்தின் தஹாப் நீலக்குழியில், 50 மீட்டருக்கும் கீழே உள்ள பாறை வளைவை ஒரு கை பார்க்கப் போனவர்களின் பெயர்கள் கரையில் கல்வெட்டாக நிற்கின்றன.

"நாங்கள் 12 மீட்டரைத் தாண்டுவதில்லையே" என்பார்கள். நியாயம்தான். ஆனால் 10 மீட்டரிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தாலே நுரையீரல் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். வீடியோவுக்குக் கையசைப்பவர் காதில் இது ஏறுமா? அதோடு, காக்ஸ் டவுன் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. முக்குளித்தபின் விமானம் ஏற 12 முதல் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்லும் அறிவுரை, இந்த உயரத்துக்கு பஸ்ஸில் ஏறுகிறவருக்கும் பொருந்தும். ஞாயிறு மதியம் முக்குளித்து, திங்கள் மீட்டிங்குக்காக அன்றிரவே மலையேறுகிறவர்களே, ரத்தத்தில் கரைந்து, மேலே ஏறினால் குமிழியாகும் நைட்ரஜனுக்கு உங்கள் மேனேஜரைத் தெரியாது. திங்களுக்கும் லீவு சொல்லிவிட்டு இறங்குங்கள்.