ஐ.டி. கார்டும் களிமண்ணும்

கேள்வி: பன்னிரண்டு வருஷ சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு மண்பாண்டம் செய்யப் போகிறேன். உங்கள் வாழ்த்து வேண்டும்.
– ‘ஓ.எம்.ஆர். கைதி’, சோழிங்கநல்லூர்

பதில்: மானேஜரிடம் சொல்வதற்கு முன் ஒரு கிலோ களிமண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அதைப் பிசைந்து பதப்படுத்தி, சுற்றும் சக்கரத்தின் நட்டநடுவில் ஆடாமல் உட்கார வைக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு அமுக்கினாலும் மண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும், சட்டியெல்லாம் அப்புறம். ‘டெட்லைன்’ என்று ஈரம் காயாததைச் சூளையில் ஏற்றினால் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் பதம் பார்க்கும். இந்த ஒரு விஷயத்தில் பழைய ஆபீஸ் அனுபவம் கைகொடுக்கலாம். சனி, ஞாயிறுகளில் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறமும் ஆசை மிச்சமிருந்தால் வாழ்த்து உண்டு.

கேள்வி: நல்ல வேலையை விட்டு ஓவியம் வரையப் போனவர்கள் உருப்பட்டிருக்கிறார்களா?
– ‘கணக்குப் புலி’, திருப்பூர்

பதில்: பால் கோகன் பாரிஸில் பங்குத் தரகர். 1882-ல் சந்தை சரிந்தது, முழுநேரமாகத் தூரிகையைப் பிடித்தார். ஐந்து குழந்தைகள். மனைவி டென்மார்க்கில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். ஓவியங்கள் உருப்பட்டன, வீட்டைப் பற்றி அந்த அம்மாவைத்தான் கேட்க வேண்டும். கண்டின்ஸ்கி வேறு ரகம். சட்டம் படித்தவர், பல்கலைக்கழக வேலை தேடி வந்தது. வேண்டாமென்று 1896-ல், முப்பது வயதில், மியூனிக் போனார். ஓவியர் என்று போர்டு மாட்ட அல்ல, ஓவியம் படிக்க!

கேள்வி: கணவர் பேங்க் வேலையை விட்டு மர வேலை கற்றுக்கொள்ளப் போகிறாராம். ‘அதான் நீ சம்பாதிக்கிறியே’ என்கிறார்.
– ‘எதிர்காலக் கலைஞரின் மனைவி’, கோவை

பதில்: அந்தக் காலத்தில் புரவலரைப் பாட்டுடைத் தலைவராக்கினார்கள். நீங்கள் ஒரு ஷூ ரேக்காவது கேட்டு வாங்கிவிடுங்கள். ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: விற்பனைக்காகச் செய்தால் கலை கெட்டுவிடாதா?
– ‘தூய கலை’, கும்பகோணம்

பதில்: சோழமண்டலத்தைக் கேளுங்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை அமைத்தார்கள். நவீன ஓவியத்தை வாங்க இங்கே ஆள் இல்லாத காலம். அதனால் சங்கம் வைத்து, துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் பாத்திக் உள்ளிட்ட கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். நிலம் வாங்கியதே அந்தக் காசில்தான். வயிற்றுக்குப் பாத்திக், மனசுக்குக் கான்வாஸ். அவர்கள் ஓவியம் கெட்டதாக எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை. விற்கக் கூச்சப்படுகிற பலருக்கு, விலை கேட்க யாரும் வரவில்லை என்பதுதான் நிஜக் கவலை!

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து நாலரை வருஷம். இப்போதே விடலாமா?
– ‘அவசரம்’, மதுரை

பதில்: ஆறு மாசம் பல்லைக் கடியுங்கள். ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில். பி.எஃப். பணத்தையும் ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. இன்னொன்று, ஆபீஸ் கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். அப்பாவின் சர்க்கரைக்கு உங்கள் கலை தாகம் தெரியாது. பாலிசியை முதலில் எடுங்கள், கடுதாசியை அப்புறம் கொடுங்கள்.

கேள்வி: வேலையில் இருந்துகொண்டே சாதிக்க முடியாதா?
– ‘ரெண்டு குதிரை’, திருச்சி

பதில்: பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்துகொண்டே சுஜாதா வாரா வாரம் தொடர்கதை எழுதினார். டி.எஸ். எலியட் 1922-ல் ‘வேஸ்ட் லேண்ட்’ வெளியிட்டபோது லாயிட்ஸ் பேங்க் குமாஸ்தா. அசோகமித்திரனோ ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டபின் எழுத்தையே நம்பி வாழ்ந்தார், வசதியாக அல்ல. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை, ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பை மூடிய பிறகும் கை அரிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ராஜினாமாக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது?
– ‘புல்லாங்குழல்’, வேலூர்

பதில்: ‘சொந்தக் காரணம்’. அதற்குமேல் ஒரு வரி விளக்கினாலும், மானேஜர் தான் பாதியில் விட்ட மிருதங்கத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். நோட்டீஸ் பீரியட் போதாது.